நான்காம் பரிமாணத்தை எந்த வழியில் பார்ப்பது? நிழல், விரிப்பு, வெட்டு, நிறம், சீர்

கடந்த கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த என் அண்ணன் மகள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. உள்ளே இருப்பது வீங்கி வெளியே வருகிறது. வெளியே இருந்தது சுருங்கி உள்ளே போகிறது. "இதுதான் நாற்பரிமாணக் கனச்சதுரமாம், சித்தப்பா. எனக்கென்னவோ ஜெல்லி போலத்தான் தெரிகிறது" என்றாள். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தெரியும். அந்தப் பொருள் துளியும் வளையவில்லை, நீளவில்லை, சுருங்கவில்லை என்பதை அந்தப் படம் சொல்வதே இல்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் செங்குத்தாக நிற்கும் நான்காவது திசையை நம் அறைக்குள் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் அதைப் பற்றிச் சரியாக யோசிக்க முடியும். அப்படி யோசிக்க உதவும் வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் காட்டுவதற்காக வேறு எதையோ விட்டுக்கொடுக்கிறது. அவற்றில் எதில் தொடங்குவது? தானாகக் கற்க நினைப்பவருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லித் தர நினைக்கும் ஆசிரியருக்கும் இந்தத் தேர்வு முக்கியம். தவறான வாசலில் நுழைந்தவர்கள் 'இது நமக்கு வராது' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். நாங்கள் இருவரும் அந்தக் கோடையில் எல்லா வழிகளையும் உட்கார்ந்து செய்து பார்த்தோம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தொடங்க வேண்டியது வெட்டில். அதற்குத் துணை, எழுத்தும் எண்ணும். எல்லோரும் முதலில் காட்டும் அந்தச் சுழலும் படம் கடைசியில் வரட்டும்.

ஒரு தெளிவு. நான்காம் பரிமாணம் என்றவுடன் பலர் காலத்தைச் சொல்வார்கள். 1908-இல் கணிதவியலாளர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி இடத்தையும் காலத்தையும் சேர்த்து நாற்பரிமாணமாக எழுதினார். ஆனால் அங்கே தொலைவைக் கணக்கிடும்போது காலத்துக்கு எதிர்க்குறி வருகிறது. அதன் வடிவியல் வேறு. இங்கே நான் பேசுவது மற்ற மூன்றையும் போலவே நடந்துகொள்ளும் நான்காவது நீளத்தைப் பற்றி.

நிழல்

அந்தக் காணொளி ஒரு நிழல். அதைப் புரிந்துகொள்ள நாங்கள் முதலில் ஒரு சாதாரணக் கனச்சதுரத்தின் நிழலைப் பார்த்தோம். இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை எட்டு, பல்குத்தும் குச்சி பன்னிரண்டு. கடலை முனை, குச்சி விளிம்பு. கூடு தயாரானதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, மேலிருந்து டார்ச் அடித்தோம். தரையில் விழுந்தது ஒரு பெரிய சதுரமும் அதற்குள் ஒரு சிறிய சதுரமும், இரண்டின் முனைகளையும் இணைக்கும் நான்கு கோடுகளும். விளக்குக்கு அருகில் இருந்த மேல் முகம் பெரிய சதுரமாகவும், தரைக்கு அருகில் இருந்த அடி முகம் சிறிய சதுரமாகவும் விழுந்திருந்தன. கூட்டை மெதுவாகத் திருப்பினேன். சிறிய சதுரம் நகர்ந்து, நசுங்கி, விரிந்து, பெரிய சதுரத்தின் இடத்துக்கு வந்தது. "இங்கேயும் ஜெல்லிதான்!" என்று கத்தினாள். கூட்டில் இருந்த குச்சிகளில் ஒன்றுகூட வளையவில்லை.

காணொளியில் இருப்பதும் இதுவேதான். நாற்பரிமாணக் கனச்சதுரத்தில் 16 முனைகள், 32 விளிம்புகள், 24 சதுரங்கள், 8 கனச்சதுரங்கள். எட்டும் ஒரே அளவு. முப்பரிமாணத்துக்குள் விழும் நிழலில் ஒன்று பெரிதாக வெளியேயும், ஒன்று சிறிதாக உள்ளேயும், மற்ற ஆறும் தலை வெட்டிய பட்டைக்கூம்பு போலவும் தெரிகின்றன. அந்த நிழலை மறுபடியும் தட்டைத் திரையில் போடுகிறோம். ஆக நாம் பார்ப்பது நிழலின் நிழல். சுழற்சியும் நமக்குப் பழகியது அல்ல. நம் உலகில் பொருள் ஓர் அச்சைச் சுற்றிச் சுழலும். அங்கே ஒரு முழுத் தளமே அசையாமல் நிற்க, மற்றவை அதைச் சுற்றுகின்றன.

இந்த வழியின் பலம், எது எதோடு இணைந்திருக்கிறது என்பது முழுவதும் ஒரே பார்வையில் கிடைப்பது. பலவீனம், நீளமும் கோணமும் பொய்யாவது. பழகிய கண்ணுக்கு இது ஓர் அற்புதம். பிரௌன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பான்சாஃபும் சார்ல்ஸ் ஸ்ட்ராஸும் 1970-களிலேயே கணினியில் இதைச் சுழலவிட்டுப் படமாக்கினார்கள். ஆனால் பழகாத கண்ணுக்கு முதல் பாடமாக இதை வைப்பதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பொருள் வளைகிறது என்ற தவறான எண்ணம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் அதை அகற்றுவது பெரும்பாடு. கட்டாயம் காட்டியே ஆக வேண்டும் என்றால் கடலைக் கூட்டையும் டார்ச்சையும் முதலில் காட்டுங்கள்.

விரிப்பு

அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் ஆறு சதுரங்கள் சிலுவையாகக் கிடக்கும். அதுபோல நாற்பரிமாணப் பெட்டியைப் பிரித்தால் எட்டுக் கனச்சதுரங்கள் நம் முப்பரிமாணத்துக்குள் வந்து விழும். சால்வதோர் டாலி 1954-இல் தீட்டிய சிலுவை ஓவியத்தில் இருப்பது இந்த விரிப்புதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனச்சதுரத்தை 11 விதமாக விரிக்கலாம். நாற்பரிமாணக் கனச்சதுரத்தை 261 விதமாக விரிக்கலாம்.

விரிப்பில் நீளமும் கோணமும் அப்படியே இருக்கின்றன. எட்டும் அசல் கனச்சதுரங்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஆனால் எந்த முகம் எதோடு ஒட்டப்போகிறது என்பது மறைந்துவிடுகிறது. அதை மனத்தில் மடித்துப் பார்க்க நமக்கு அந்த நான்காவது திசையே வேண்டும். ஒரு பிற்பகலுக்கு நல்ல வேலை. அதற்கு மேல் கற்றுத் தராது.

வெட்டு

தாளிலேயே வாழும் ஓர் எறும்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கீழும் கிடையாது. ஒரு பந்து அந்தத் தாளைக் கடந்து போனால் எறும்பு என்ன பார்க்கும்? ஒரு புள்ளி தோன்றும். அது வட்டமாகி வளரும். பிறகு சிறுத்து மறையும். அதேபோல் நாற்பரிமாணப் பந்து ஒன்று நம் அறையைக் கடந்தால், காற்றில் ஒரு புள்ளி தோன்றி, உருண்டையாகிப் பெருத்து, பிறகு சிறுத்து மறையும். இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம் என்பதே வெட்டின் பெருமை. மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனில் தினமும் செய்வதும் இதுதான்: வரிசையாக வெட்டுகளைப் பார்த்து மனத்துக்குள் ஓர் உறுப்பை எழுப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்பது மிக முக்கியம். கனச்சதுரம் தட்டையாகத் தாளைக் கடந்தால், ஒரு சதுரம் திடீரென்று தோன்றி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, திடீரென்று மறையும். எறும்பு ஒன்றும் கற்றுக்கொள்ளாது. முனையை முன்னே விட்டால்தான் கதை தொடங்கும்.

பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைக் கனச்சதுரமாகச் சீவிக்கொண்டோம். எதிரெதிராக இருக்கும் இரண்டு முனைகளைப் பேனாவால் குறித்து, ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் வெட்டு முனைக்கு அருகில்: சின்ன முக்கோணம். அடுத்தது சற்று உள்ளே: பெரிய முக்கோணம். "சரியாக நடுவில் வெட்டினால் என்ன வரும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சதுரம்தான் வர வேண்டும், கனச்சதுரம் அல்லவா?" என்றாள். புதிதாக ஒரு கிழங்கைச் சீவி, குறித்த இரண்டு முனைகளையும் தொடாத ஆறு விளிம்புகளின் நடுப்புள்ளிகள் வழியாகக் கத்தியை இறக்கினேன். இரண்டு பாதியும் பிரிந்தபோது ஈரம் மினுங்க இருந்தது ஓர் ஒழுங்கான அறுங்கோணம். அதை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பக்கங்களை எண்ணினாள், அளவுகோலை எடுத்து அளந்தாள். ஆறும் சமம். பத்து வருடமாகத் தெரிந்த ஒரு வடிவத்துக்குள் இது இருந்தது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

இப்போது ஒரு படி மேலே. நாற்பரிமாணக் கனச்சதுரம் முனையை முன்னே விட்டு நம் அறையைக் கடந்தால்: புள்ளி, பிறகு ஒரு சிறிய நான்முகி, அது வளரும், பிறகு அதன் முனைகள் சீவப்படத் தொடங்கும், சரியாக நடுவில் ஓர் ஒழுங்கான எண்முகி, அதன் பின் வந்த வழியே தலைகீழாகத் திரும்பி, மறுபக்க நான்முகியாகி, புள்ளியாகி மறையும். ஒவ்வொரு நிலையும் அட்டையில் செய்து மேசையில் வைக்கக்கூடிய, நீளமும் கோணமும் பொய்யில்லாத அசல் முப்பரிமாண வடிவம்.

இப்படி அட்டையில் செய்து வைத்த ஒருவர் இருந்தார் என்பதால்தான் இந்த வழியின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. அலிசியா பூல் ஸ்டாட், 1860-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். தர்க்க இயற்கணிதத்தை உருவாக்கிய ஜார்ஜ் பூலின் மகள். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. அவருடைய அக்காவை மணந்த சார்ல்ஸ் ஹோவர்ட் ஹின்டன், நிறம் பூசிய சிறு மரக் கனச்சதுரங்களை வைத்து நான்காம் பரிமாணத்தைப் பழகலாம் என்று நம்பியவர்; நாற்பரிமாணக் கனச்சதுரத்துக்கு 'டெசராக்ட்' என்ற பெயரை அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தக் கட்டைகளோடு தொடங்கிய அலிசியா, நாற்பரிமாணத்தில் எல்லா முகங்களும் முனைகளும் ஒரே மாதிரி அமைந்த, குழிவில்லாத ஒழுங்கு வடிவங்கள் ஆறே ஆறுதான் என்பதைத் தாமாகவே கண்டுபிடித்தார். ஸ்விட்சர்லாந்தின் லூட்விக் ஷ்லாஃப்லி அதை ஏற்கெனவே நிறுவியிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த வடிவங்களை வரிசையாக வெட்டினால் வரும் முப்பரிமாணத் துண்டுகளை ஒவ்வொன்றாக அட்டையில் வெட்டி ஒட்டினார். நெதர்லாந்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்கௌட்டெ அவற்றைப் பார்த்து அவரோடு பல ஆண்டுகள் பணியாற்றினார். 1914-இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. கத்தரிக்கோல், அட்டை, பொறுமை. கணினி இல்லை.

வெட்டின் குறை: ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். முன்னே வந்த துண்டை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததோடு இணைக்கும் வேலை நம்முடையது. ஆனால் அந்த வேலைதான் பயிற்சி.

நிறம்

நிலவரைபடத்தில் மலையைப் பழுப்பிலும் சமவெளியைப் பச்சையிலும் காட்டுவார்கள். தாள் தட்டையாக இருந்தாலும் உயரம் நிறத்தில் வந்துவிடுகிறது. அதே முறையில் முப்பரிமாணப் பொருளுக்கு நிறம் பூசி, நிறத்தை நான்காவது அளவாகக் கொள்ளலாம். இதற்குச் சரியான இடம், கணிதவியலாளர் ஃபீலிக்ஸ் கிளைன் 1882-இல் விவரித்த, உள், வெளி என்ற பிரிவே இல்லாத பாட்டில். அதன் கழுத்து வளைந்து தன் உடலையே துளைத்து உள்ளே போவதாகத்தான் கண்ணாடியில் செய்ய முடியும். அந்த இடத்தில் கழுத்தைச் சிவப்பாகவும் உடலை நீலமாகவும் ஆக்குங்கள். நிறம் வேறு என்றால் நான்காவது அளவு வேறு. அப்படியானால் அவை தொடவே இல்லை. துளையே இல்லை! நாற்பரிமாணத்தில் எந்தக் கயிற்று முடிச்சும், வெட்டாமலே அவிழ்ந்துவிடும் என்பதும் இதே போல விளங்கிவிடுகிறது: ஓர் இழையை மட்டும் வேறு நிறத்துக்கு நகர்த்தி, மற்றதன் ஊடே கொண்டுபோய், மறுபடி பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான்.

தொடுகிறதா, தொடவில்லையா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி இல்லை. திருப்பிப் பார்க்கத்தான் உதவாது. நீளத்தைச் சுழற்றி நிறமாக்குவதை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

சீர்

தமிழ் யாப்பிலக்கணம் பள்ளியில் படித்த எவருக்கும் 'தேமா, புளிமா, கருவிளம், கூவிளம்' மனப்பாடம். அசை இரண்டே வகை: நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். கோட்டுக்கு முனை இரண்டு, சதுரத்துக்கு நான்கு, கனச்சதுரத்துக்கு எட்டு, நாற்பரிமாணக் கனச்சதுரத்துக்குப் பதினாறு.

இது வெறும் எண் ஒற்றுமை அல்ல. கணக்கில் முனைகளுக்கு 0, 1 என்ற ஆயத்தொலைவுகளைத் தருவோம். நேர் என்றால் 0, நிரை என்றால் 1 என்று வையுங்கள். ஒவ்வொரு சீரும் ஒரு முனை. ஒரே ஓர் அசை மட்டும் மாறுபடும் இரண்டு சீர்களைக் கோட்டால் இணையுங்கள், அது விளிம்பு. தேமா நேர்நேர், புளிமா நிரைநேர், கருவிளம் நிரைநிரை, கூவிளம் நேர்நிரை. வாய்ப்பாட்டை வரிசையாகச் சொன்னாலே ஒவ்வொரு படிக்கும் ஓர் அசை மட்டும் மாறி, சதுரத்தை முழுதாகச் சுற்றி வந்துவிடுகிறோம். மூவசையில், நேரில் முடியும் காய்ச்சீர்கள் நான்கும் ஒரு சதுரம், நிரையில் முடியும் கனிச்சீர்கள் நான்கும் ஒரு சதுரம். தேமாங்காயைத் தேமாங்கனியோடும் புளிமாங்காயைப் புளிமாங்கனியோடும் இப்படியே இணைத்தால் கனச்சதுரம். அதற்கும் மேலே, நாலசைக்கு, கடைசி ஈரசையாகத் தண்பூ (நேர்நேர்), நறும்பூ (நிரைநேர்), நறுநிழல் (நிரைநிரை), தண்ணிழல் (நேர்நிரை). தேமாந்தண்பூவில் தொடங்கி கருவிளநறுநிழல் வரை பதினாறும் நாற்பரிமாணக் கனச்சதுரத்தின் முனைகள்.

இதை அவளிடம் சொன்னபோது அவள் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் கேள்விகளுக்குத் தானே விடை கண்டாள். ஒரு சீரில் மாற்றக்கூடிய அசை நான்கு, அதனால் ஒவ்வொரு முனையிலும் நான்கு விளிம்புகள். பதினாறு பெருக்கல் நான்கு, ஒவ்வொரு விளிம்பையும் இருமுறை எண்ணியதால் பாதி, 32. நேரில் தொடங்கும் எட்டுச் சீர்கள் ஒரு கனச்சதுரம், நிரையில் தொடங்கும் எட்டு இன்னொன்று. இப்படி நான்கு இடங்களுக்கும் இரண்டிரண்டாக எட்டுக் கனச்சதுரங்கள். காணொளியில் தேடியும் கிடைக்காத எட்டு இங்கே பெயரோடு நிற்கிறது.

வெட்டையும் இதையும் சேர்த்தால்தான் முழு ஆற்றல் வெளிப்படுகிறது. சீரில் எத்தனை நிரை இருக்கிறது என்று எண்ணுங்கள். நிரை இல்லாதது 1, ஒரு நிரை உள்ளவை 4, இரண்டு உள்ளவை 6, மூன்று உள்ளவை 4, நான்கு உள்ளது 1. முனையை முன்னே விட்டு வெட்டியபோது வந்த வரிசைதான்: புள்ளி, நான்முகி, எண்முகி, நான்முகி, புள்ளி. நடு எண்முகியின் ஆறு முனைகள்: கருவிளந்தண்பூ, புளிமாநறும்பூ, புளிமாந்தண்ணிழல், கூவிளநறும்பூ, கூவிளந்தண்ணிழல், தேமாநறுநிழல். இவற்றில் நான்கு அசையும் நேரெதிரான இரண்டை எடுத்தால், கருவிளந்தண்பூவும் தேமாநறுநிழலும் போல, அவை எண்முகியின் எதிரெதிர் முனைகள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் மையத்தில் எந்த முனை எங்கே நிற்கிறது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிறதே!

சீர் முனைகளை மட்டும்தான் தரும். பந்து போன்ற வளைந்த பொருளுக்கு உதவாது. அங்கே எண்களைத்தான் நாட வேண்டும்.

நான்குக்கு மேலே

ஐந்து, பத்து, நூறு என்று போகும்போது படங்கள் எல்லாம் கைவிடுகின்றன. அதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். பக்கம் 4 உள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஆரம் 1 உள்ள வட்டங்களை அடைத்து, நடு இடைவெளியில் எல்லாவற்றையும் தொடும்படி ஒரு சிறு வட்டம் வையுங்கள். அதன் ஆரம் √2 − 1, ஏறக்குறைய 0.41. கனச்சதுரப் பெட்டியில் எட்டுப் பந்துகளுக்கு நடுவே உள்ளதற்கு √3 − 1, அதாவது 0.73. நாற்பரிமாணத்தில் √4 − 1 = 1; நடுப்பந்து மற்ற பதினாறுக்கும் சமமாகிவிட்டது. ஒன்பதாம் பரிமாணத்தில் ஆரம் 2. பெட்டியின் சுவரைத் தொடுகிறது. பத்தாம் பரிமாணத்தில் 2.16. மூலைகளில் 1024 பந்துகள் சூழ நடுவில் இருக்கும் பந்து பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் படத்தாலும் இதை நம்பவைக்க முடியாது. பித்தாகரஸ் தேற்றம் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவி இரண்டு வரியில் நிறுவிவிடுகிறாள்.

ஆனால் உயர் பரிமாணம் இன்று பலருக்கு அலுவலக வேலையாகவே வருகிறது. தரவுகளைக் கையாளுபவர்களுக்குத் தேர்வு வேறு. ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் எடுத்தாண்ட ஐரிஸ் மலர்த் தரவில் 150 மலர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள்; அதாவது நாற்பரிமாணத்தில் 150 புள்ளிகள். இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது முதன்மைக் கூறு பகுப்பாய்வு. அதிகம் பரவியிருக்கும் திசையாகப் பார்த்து நிழல் விழச் செய்யும் முறை இது; இங்கே ஒரே திசை மொத்தப் பரவலில் 92 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறது. எவ்வளவு இழந்தோம் என்பதையும் எண்ணாகச் சொல்லிவிடுவதால் இது நேர்மையான முறை.

28-க்கு 28 புள்ளிகளாலான கையெழுத்து எண் படங்கள் என்றால் 784 பரிமாணங்கள். அங்கே 2008-இல் லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஜெஃப்ரி ஹின்டனும் வெளியிட்ட, பல பரிமாணத் தரவைத் தட்டைப் படமாக்கும் டி-எஸ்.என்.இ. முறை அழகான கொத்துகளைக் காட்டும். அருகருகே இருப்பவை எவை என்று அறிய இதைப் பயன்படுத்தலாம். கொத்துகளுக்கு இடையிலான தூரத்தையோ, கொத்தின் அளவையோ பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அவற்றுக்கு இந்தப் படத்தில் பொருள் இல்லை. அந்த ஜெஃப்ரி, நிறக் கட்டைகள் வைத்திருந்த சார்ல்ஸ் ஹின்டனின் கொள்ளுப்பேரன் என்பதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரே குடும்பம், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு இடைவெளியில், அதே சிக்கலோடு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் வரிசை இது. ஓர் உருளைக்கிழங்கும் கத்தியும் முதல் நாள். மறுநாள் தாளும் பதினாறு சீர்களும். மூன்றாம் நாள் கடலைக் கூடும் டார்ச்சும். அன்று மாலை அந்தக் காணொளி. கிளைன் பாட்டிலில் ஆர்வம் வந்தால் நிறம். விரிப்புக்கு நேரம் இருந்தால் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மாலை அதே காணொளியை மறுபடி ஓடவிட்டேன். அவள் நடுவில் நிறுத்தி, உள்ளே போய்க்கொண்டிருந்த பெட்டியின் மேல் விரலை வைத்து, "இது நேரில் தொடங்கும் எட்டு" என்றாள். யாப்பில் சீர் நாலசையோடு நின்றுவிடுவதால் ஐந்தாம் பரிமாணத்துக்குப் பெயர்கள் இல்லை என்று குறைப்பட்டாள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பதினாறு சீர்களையும் இருமுறை எழுதி, ஒரு தொகுதிக்கு மட்டும் பக்கத்தில் புள்ளி வைத்து, 80 விளிம்புகளை வரையத் தொடங்கிவிட்டாள்.